டிவியின் முதுகைப் படம் எடுத்து வாருங்கள்

“டிவிக்குப் பின்னாடி என்னென்ன ஓட்டை இருக்குன்னு போட்டோ எடுத்தாந்தீங்களா சார்?”

சென்னை ரிச்சி தெருவில், டிவியின் சத்தத்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும் கம்பியில்லா ஆடியோ டிரான்ஸ்மிட்டர் கேட்டு வருகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். விலையும் கம்பெனியும் அதற்குப் பிறகு. நாங்கள் நின்றிருந்த கடையில் இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். அண்ணா சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சந்துகள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் எதைச் சொன்னாலும் யாரோ ஒருவர் கையை நீட்டி ஏதோ ஒரு மாடிப்படியைக் காட்டுவார்.

என்னோடு இருந்த இளைஞர் ஃபோனை நீட்டினார். வீடு வீடாகப் போய் டிவி மாட்டுவதும் ஸ்பீக்கர் பொருத்துவதும் அவர் தொழில். அன்று திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவர் வீட்டுக்கு டிரான்ஸ்மிட்டர் வைக்கப் போகிறார் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். சுவருக்கும் டிவிக்கும் இடையே கையை நுழைத்து எடுத்த படம் அது, பாதி மங்கல். கடைக்காரர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு யுஎஸ்பி, கேபிள் சொருகும் இடம், ஓரத்தில் சின்னச் சதுரக் கதவு. ஹெட்ஃபோன் ஜாக் இல்லை. சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்னும் இல்லை.

“ஆப்டிக்கல் இருக்கு. பொழச்சீங்க.”

அந்தச் சதுரக் கதவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இன்னொரு விஷயம். கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் கருப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே சாடை. ஆனால் பாதிக்கு மேல் டிரான்ஸ்மிட்டரே இல்லை, ரிசீவர். காரிலோ பழைய ஆம்ப்ளிஃபயரிலோ சொருகினால் ஃபோனிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும், தானாக எதையும் அனுப்பாது. இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கி டிவியில் மாட்டிவிட்டு, ஹெட்செட் ஏன் இணையவில்லை என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்றார் கடைக்காரர். வாங்கவும் அனுப்பவும் இரண்டுக்கும் ஆகிற பெட்டியும் உண்டு. அதில் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்று இரண்டு நிலை இருக்கும். நமக்கு வேண்டியது அனுப்புகிற டிஎக்ஸ். இளைஞர் எடுத்ததில் அதற்கென்று தள்ளு சுவிட்ச் இருந்தது. பட்டனை அழுத்தி நிலை மாற்றும் வகை அதைவிட மலிவு, அதைத் தொடவே மாட்டேன் என்றார். காரணம் அந்த வீட்டில்தான் புரிந்தது.

இப்போது வரும் டிவிகளில் புளூடூத் உள்ளேயே இருக்கிறதே, தனிப் பெட்டி எதற்கு? இதை நான் ஆட்டோவில் கேட்டேன்.

“இருக்கு சார். ஆனா ஹெட்செட் கனெக்ட் ஆனதும் டிவி ஊமையாயிடும். பெரியவருக்குக் கேக்கும், பக்கத்துல உக்காந்திருக்கற அம்மாவுக்குக் கேக்காது. பாதி வீட்ல பிரச்சினையே இதான்.”

எல்லா டிவியும் அப்படியில்லை. இரண்டையும் ஒருசேர ஓடவிடும் மாடல்கள் இருக்கின்றன. ஆனால் பெரியவர் வீட்டு டிவி அந்த வகை இல்லை.

பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. வாசல் அகலம் குறைந்து, உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் வீடு. கூடத்துச் சுவரில் 43 அங்குல டிவி, எதிரே பிரம்பு நாற்காலி, அதற்கு இடப்பக்கம் பெரியவரின் மனைவியான அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் செருப்பைக் கழற்றும்போதே செய்தி வாசிப்பவரின் குரல் எங்களை வரவேற்றது. பெரியவர் நடுவண் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர்.

“இவருக்குக் கேக்கணும்னா தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்,” என்றார் அம்மா. “எனக்கும் கேக்கணும் தம்பி. ஆனா இவ்ளோ வேணாம்.”

இந்த ஒரு வாக்கியத்தில் முழு வேலையும் அடங்கிவிட்டது. ஒரே அறையில் இரண்டு பேர், இருவருக்கும் வேறு வேறு சத்தம். ஒலியைக் காற்றில் அனுப்புவதைச் சின்னப் பெட்டியே செய்துவிடும். டிவி தன் சத்தத்தை எந்த வழியாக, எந்த வடிவில், யாரைக் கேட்காமல் வெளியே விடுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் ஒரு மத்தியானம் போகிறது.

வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்கள். ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் அந்தக் கூர்மையோடு பின்னணி இசையும் இடியும் சேர்ந்து ஏறிவிடும். போதாததற்குச் சுவரில் மாட்டிய டிவிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது, சத்தம் சுவரிலும் தரையிலும் பட்டுக் குழம்பி வருகிறது. காதை ஒட்டி ஒலியைக் கொண்டுபோனால் குறைந்த சத்தத்திலேயே பேச்சு விளங்கும். காது மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். “காட்டியாச்சு, மெஷின் வெச்சுக்கச் சொன்னார், வெச்சா விசில் அடிக்குது,” என்று பெரியவர் பேச்சை முடித்துவிட்டார்.

இளைஞர் டிவியைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. ஃபோன் கேமராவை வீடியோவில் வைத்து, டார்ச்சைப் போட்டு, இடுக்குக்குள் விட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் ஆப்டிக்கல் ஒயரின் முனையைச் சதுரக் கதவுக்குள் தள்ளினார். ‘டக்’ என்று உட்கார்ந்தது. சத்தம் வரவில்லை.

சொருகியதை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். முனையில் நகக்கண் அளவு கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. கடையிலிருந்து வரும்போது தூசு படாமலிருக்கப் போட்டிருப்பது. அது இருந்தாலும் ஒயர் பாதி உள்ளே போய்விடும் என்பதால் பலருக்குச் சந்தேகமே வராதாம். அவர் வேண்டுமென்றே எனக்குக் காட்டுவதற்காகச் செய்தது அது. மூடியை உருவிவிட்டு மறுபடி சொருகினார். மறுமுனையை என் உள்ளங்கை பக்கம் திருப்பினார். தோலில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

அந்தச் சிவப்பில்தான் செய்தி வாசிப்பவரின் குரல் இருக்கிறது. 1983இல் டோஷிபா கம்பெனி கொண்டுவந்த முறை, அதனால்தான் டாஸ்லிங்க் என்று பெயர். மெல்லிய பிளாஸ்டிக் இழை வழியாகச் சிவப்பு வெளிச்சம் அணைந்து எரிந்து ஒன்றும் பூஜ்யமுமாக ஒலியைக் கடத்துகிறது. செம்பு கிடையாது, ஆகவே மின்சாரம் அந்த வழியே போவதில்லை. இது ஒரு பெரிய வசதி. சாதாரண ஆடியோ ஒயரில் டிவியை இணைத்து, அதே டிவியின் யுஎஸ்பியிலிருந்தே பெட்டிக்குக் கரண்டும் எடுத்தால் சில வீடுகளில் ஹெட்செட்டில் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் கேட்கும். இரண்டு ஒயரின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் முணுமுணுப்போ டிவியின் பவர் சப்ளை இரைச்சலோ உள்ளே நுழைகிறது. ஆப்டிக்கலில் அதற்கு வழியில்லை. ஒயரைச் சுருக்கென்று மடக்காமல் விட்டால் போதும்.

வெளிச்சம் வருகிறது, பெட்டியில் விளக்கும் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. இப்போது இளைஞர் ரிமோட்டை எடுத்தார். செட்டிங்ஸ், சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட். ‘ஆட்டோ’ என்று இருந்ததை ‘பிசிஎம்’ என்று மாற்றினார். ஹெட்செட்டுக்குப் போகும் முன்பே பெட்டியின் விளக்கு நிறம் மாறியது.

“இதுக்குத்தான் சார் நிறையப் பேர் பெட்டிய ரிட்டர்ன் பண்றாங்க.”

சில எச்டி சேனல்களும் ஓடிடி படங்களும் ஒலியை டால்பி வடிவில் சுருட்டி அனுப்புகின்றன. ‘ஆட்டோ’வில் விட்டால் டிவி அந்தச் சுருட்டலை அப்படியே வெளியே தள்ளிவிடும். ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயருக்கு அதைப் பிரிக்கத் தெரியும். இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. பிசிஎம் என்றால் பிரித்த நிலையில், சாதா ஸ்டீரியோவாக. குறி என்னவென்றால் ஒரு சேனலில் சத்தம் வரும், அடுத்த சேனலில் வராது. பெட்டி விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று வாங்கியவர் முடிவு கட்டிவிடுவார். பெட்டிமேல் தவறே இல்லை.

ஆப்டிக்கலின் இன்னொரு குணம்தான் அம்மாவுக்கு வேண்டியது. ஹெட்ஃபோன் ஜாக்கில் எதையாவது சொருகினால் பெரும்பாலான டிவிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஆப்டிக்கல் வழியில் வருகிற ஒலிக்கோ பெரும்பாலும் ரிமோட்டின் வால்யூம் கட்டுப்பாடே கிடையாது, எப்போதும் ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும். ஆகவே ரிமோட் அம்மாவுக்கு, ஹெட்செட்டில் இருக்கும் வால்யூம் பெரியவருக்கு. எல்லா டிவியும் இதற்கு இணங்காது, சில டிவிகளில் ஆப்டிக்கலைத் தேர்ந்தெடுத்தால் ஸ்பீக்கரை வெட்டிவிடும். மெனுவில் ஸ்பீக்கரும் ஆப்டிக்கலும் சேர்ந்த தேர்வு இருக்கிறதா என்று தேட வேண்டும். இங்கே இருந்தது. ஸ்பீக்கர் சத்தத்தை 55லிருந்து 14க்கு இறக்கியதும் கூடத்தில் மின்விசிறியின் ஓசை கேட்டது. அம்மா மேலே நிமிர்ந்து பார்த்தார். “இது இப்படிச் சத்தம் போடுதா?”

செட்டாப் பாக்ஸின் பின்னாலிருக்கும் சிவப்பு வெள்ளைப் பின்னிலிருந்தே எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். எடுக்கலாம். கேபிள் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு அதுவே மலிவான வழி. பேரன் வந்து யூடியூப் போட்டால் அந்த வழியில் ஒன்றும் வராது, அவ்வளவுதான்.

அடுத்தது ஹெட்செட்டோடு இணைப்பது. அமெரிக்காவில் இருக்கும் பேரன் வாங்கி அனுப்பிய விலையுயர்ந்த ஹெட்செட் அது, பெரியவர் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தார். ஃபோனோடு இணைக்கும்போது திரையில் பெயர் தெரியும், தொட்டால் போதும். டிரான்ஸ்மிட்டருக்கும் திரை இல்லை, ஹெட்செட்டுக்கும் திரை இல்லை. பெட்டியோ பக்கத்தில் இணையத் தயாராக இருக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொள்ளும், அது பக்கத்துப் போர்ஷன்காரரின் ஸ்பீக்கராகவும் இருக்கலாம். இளைஞர் முதலில் பெரியவரின் ஃபோனில் புளூடூத்தை அணைத்தார். இல்லாவிட்டால் ஹெட்செட் கண் விழித்ததும் பழைய சிநேகிதத்தைத் தேடி ஃபோனிடம் ஓடிவிடும். பிறகு ஹெட்செட்டின் பட்டனை நீலமும் சிவப்பும் மாறி மாறி மின்னும்வரை அழுத்திப் பிடித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். விளக்குகள் நிலைத்தன. பெரியவர் தலையில் மாட்டினோம்.

முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் நெற்றியைச் சுருக்கினார்.

“வாய் முன்னாடி போகுது, பேச்சு பின்னாடி வருது. எதிரொலி வேற.”

எண்பது வயதில் கேள்விதான் குறைந்திருக்கிறது, கவனம் குறையவில்லை. இளைஞர் ஹெட்செட்டை வாங்கி, ஒரு காதுப் பக்கத்தைத் தன் ஃபோனின் மைக்கில் ஒட்டிவைத்து, யாரோ கைதட்டும் யூடியூப் வீடியோ ஒன்றை டிவியில் ஓடவிட்டு அதைப் படம்பிடித்தார். பிறகு ஃபோனில் ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளினார். கைகள் சேர்ந்த ஃபிரேமிலிருந்து தட்டல் சத்தம் வந்த இடம்வரை ஆறு ஃபிரேம். நொடிக்கு முப்பது ஃபிரேம் என்பதால் ஒன்றுக்கு 33 மில்லி செகண்ட், மொத்தம் 200.

இந்த நேரம் எங்கே போகிறது? வந்த ஒலியைப் பெட்டி சுருக்க வேண்டும், பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும், ஹெட்செட் அதை விரித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு பொட்டலம் காற்றில் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்க அவகாசம் வேண்டும் என்பதற்காக ஹெட்செட் கொஞ்சம் ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டே கொடுக்கிறது. எல்லா புளூடூத் ஹெட்செட்டுக்கும் தெரிந்த எஸ்பிசி என்ற சுருக்கு முறையில் 150 முதல் 250 மில்லி செகண்ட் தாமதம் சகஜம். பாட்டு மட்டும் கேட்டால் யாருக்கும் தெரியாது. வாயசைவைப் பார்த்தால்தான் வம்பு.

எவ்வளவு தாமதத்தை மனிதர் பொறுப்பார் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு பரிந்துரையே வைத்திருக்கிறது. படத்துக்கு முன்னால் ஒலி 45 மில்லி செகண்ட் வந்தாலே கண்டுபிடித்துவிடுகிறோம், பின்னால் வந்தால் 125 வரை தெரிவதில்லை. இந்த ஓரவஞ்சனை நியாயமானதுதான், இயற்கையில் ஒலி ஒருபோதும் காட்சிக்கு முன்னால் வருவதில்லை. அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். ஆடுகளத்திலிருந்து 80 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மட்டை பந்தில் பட்டது தெரிந்து கால் நொடி கழித்துத்தான் சத்தம் வரும், யாரும் புகார் சொல்வதில்லை. எட்டடி தூரத்தில் இருக்கும் டிவியில் அதே கால் நொடி எரிச்சலூட்டுகிறது.

பெரியவர் சொன்ன எதிரொலி வேறு கதை. டிவி ஸ்பீக்கரும் ஓடுவதால் அதன் சத்தம் ஹெட்செட்டின் இடுக்கு வழியே முதலில் காதுக்குப் போகிறது, அதே சொல் 200 மில்லி செகண்ட் கழித்து ஹெட்செட்டில் வருகிறது. இடைவெளி 50க்குள் இருந்தால் காது இரண்டையும் ஒரே பேச்சாகச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவது போலாகிவிடும். அம்மாவுக்கும் கேட்க வேண்டும் என்ற கோரிக்கையால் தாமதத்தின் தொல்லை இரட்டிப்பாகிவிட்டது.

டிவி மெனுவில் ‘ஆடியோ டிலே’ என்று ஒன்று இருக்கிறது, அதைத் திருப்பினால் சரியாகுமா என்றேன். ஆகாது. அது ஒலியை மேலும் தாமதிக்கத்தான் உதவும், பின்தங்கிய ஒலியை முன்னால் இழுக்காது. படத்தைத் தாமதித்தால் ஆகும், ஆனால் வீட்டு டிவியில் அந்த வசதியை நான் பார்த்ததில்லை.

வழி ஒன்றுதான். குறைந்த தாமதம் தரும் சுருக்கு முறை, ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி மாதிரி, பெட்டியிலும் ஹெட்செட்டிலும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தெரியாவிட்டால் இரண்டும் சத்தமில்லாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும், பெட்டி அட்டையில் அச்சடித்த 40 மில்லி செகண்ட் அட்டையிலேயே தங்கிவிடும். பேரன் அனுப்பிய ஹெட்செட் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதற்கு இது தெரியாது. இளைஞர் பையிலிருந்து தான் கொண்டுவந்த சாதாரணத் தோற்றமுள்ள ஒரு ஹெட்செட்டை எடுத்து இணைத்தார். பெட்டியில் வேறு நிறத்தில் ஒரு விளக்கு வந்தது. மறுபடி கைதட்டல், மறுபடி ஃபிரேம் எண்ணிக்கை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். பெரியவர் மாட்டிக்கொண்டு மாமியாரும் மருமகளும் சண்டை போடும் ஒரு காட்சியை முழுதாகப் பார்த்தார்.

“இப்ப சரி. சண்டை நேரத்துக்கு நடக்குது.”

பேரனின் ஹெட்செட் ஃபோனுக்கே திரும்பிப் போயிற்று. பேரனிடம் இதை யார் சொல்வது என்று இருவருக்கும் இடையே கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். இளைஞர் நினைக்கவில்லை. பெரியவரை எழுந்து வீட்டுக்குள் நடக்கச் சொன்னார். ரேழிவரை நன்றாகக் கேட்டது. பின்கட்டுக்குப் போகும் வழியில் இரண்டு இரும்பு பீரோக்கள் எதிரெதிரே நிற்கின்றன, அவற்றைத் தாண்டியதும் பேச்சு துண்டு துண்டாகியது. அம்மாவிடம் மைக்ரோவேவில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கச் சொன்னார். அது ஓடியபோது கூடத்திலேயே இரண்டு இடத்தில் வெட்டியது.

புளூடூத்துக்கு ஒதுக்கியது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைவரிசையில்தான் வைஃபையின் ஒரு வகையும் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் 2,450ஐச் சுற்றித்தான் வேலை செய்கிறது, கம்பியில்லா மவுஸும் அங்கேதான். இந்தியாவில் 2005இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்ட பொது இடம் இது. பெரியவர் இதைக் கேட்டதும், “ரேடியோ வெச்சிருக்கறதுக்கே போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டினோம் தெரியுமா? இப்ப ஸ்டேஷனே வெச்சுக்கலாம்ங்கறீங்க,” என்று சிரித்தார். அந்த ரேடியோ லைசென்ஸ் எண்பதுகளில்தான் ஒழிந்தது.

இத்தனை நெரிசலிலும் புளூடூத் தாக்குப்பிடிப்பது தாவித் தாவிப் போவதால். அந்த இடத்தை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறுகிறது. ஒரு தடத்தில் இடிபட்டாலும் அடுத்ததில் பிழைத்துக்கொள்ளும். 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்தத் தடத்தில் வைஃபை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அதை விலக்கவும் கற்றுக்கொண்டது. புளூடூத்தைக் கண்டுபிடித்ததே ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது மிகை. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலோடு சேர்ந்து, நீர்மூழ்கிக் குண்டுகளை வழிநடத்தத் தடம் தாவும் முறைக்கு அவர் 1942இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது உண்மை. புளூடூத் 1994இல் எரிக்சன் கம்பெனியில் தொடங்கியது. நடிகையின் மூளைக்கு உரிய மரியாதை தர இல்லாத பிள்ளையை அவர் பெயரில் எழுத வேண்டியதில்லை.

இளைஞர் செய்தது எளிய காரியம். டிரான்ஸ்மிட்டர் டிவியின் முதுகில், அதாவது ஓர் இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி வைஃபை ரூட்டர். டிரான்ஸ்மிட்டரை டிவியின் பக்கவாட்டில், பிரம்பு நாற்காலிக்கு நேராகப் பார்க்கும்படி இரட்டை டேப்பில் ஒட்டினார். ரூட்டரை மறுபக்கம் ஜன்னல் மேடைக்கு நகர்த்தி, டிவியின் இணையத்தை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினார். மைக்ரோவேவ் மறுபடி ஓடியது, கூடத்தில் வெட்டவில்லை. பீரோக்களுக்கு அப்பால் இன்னும் வெட்டியது, அங்கே யார் டிவி பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். மனித உடம்பும் இந்த அலையை நன்றாகவே விழுங்கும். ஆகவே ஹெட்செட்டின் ஆன்டெனா எந்தக் காதில் இருக்கிறதோ அந்தக் காது டிவி பக்கம் இருக்குமாறு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினார். இது எனக்கு மிகைப்பட்ட கவனமாகத்தான் பட்டது, பெரியவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு கேட்காமலே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி ஓய்ந்தது.

“கரண்ட் போயிட்டு வந்தா என்ன ஆகும்னு பாக்காம நான் எந்த வீட்ட விட்டும் போறதில்ல.”

ஏற்றியதும் டிவி கண் விழித்தது, அதன் யுஎஸ்பியிலிருந்து பெட்டிக்குக் கரண்ட் வந்தது, ஹெட்செட் தானே ஒட்டிக்கொண்டது. பட்டன் வகைப் பெட்டிகளில் சில, கரண்ட் போய் வந்தால் ரிசீவர் நிலைக்கு மாறிவிடுமாம். ஒருவரும் எதையும் தொடவில்லை, ஆனால் சத்தம் போய்விட்டது என்று ஃபோன் வரும். தள்ளு சுவிட்ச் தள்ளிய இடத்தில் நிற்கும். இங்கே டிவியை ரிமோட்டில் அணைத்தால் யுஎஸ்பியும் அணைந்து பெட்டியும் தூங்குகிறது, அது நல்லது. சில டிவிகளில் யுஎஸ்பி உயிரோடே இருக்கும், வேறு சிலவற்றில் போதுமான மின்னோட்டம் தராது. அப்போது பழைய ஃபோன் சார்ஜர் ஒன்றைத் தனியே போட வேண்டியதுதான்.

எல்இ ஆடியோ என்று 2020இல் புதிய தலைமுறை புளூடூத் ஒலியை அறிவித்தார்கள். அதன் ஆராகாஸ்ட் வழியில் ஒரு டிரான்ஸ்மிட்டரிலிருந்து அறையிலுள்ள எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம், காதுக் கருவிகள்கூட நேரடியாக வாங்கிக்கொள்ளும். பெரியவர் வீட்டுக்கு இதுதான் சரியான பதில். ஆனால் அதிலும் அனுப்புகிற பக்கம், கேட்கிற பக்கம் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

புறப்படும் முன் ஹெட்செட்டை இளைஞர் ஒருமுறை தன் காதில் வைத்துப் பார்த்து வால்யூமை இரண்டு படி இறக்கினார். பெரியவர் அவர் திரும்பியதும் ஒரு படி ஏற்றினார். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறவர் சராசரி 80 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சீரியல், செய்தி, கிரிக்கெட் எல்லாம் சேர்த்தால் பெரியவருக்கு வாரம் 40 மணி நேரம் தாராளமாக வரும்.

சாயங்காலம் புரசைவாக்கத்தில் இன்னொரு வீடு. பத்தாம் வகுப்புப் பையன் கீபோர்டு கற்கிறான். பக்கத்து ஃபிளாட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் ஹெட்செட்டில் வாசிக்க வேண்டும், கீபோர்டு ஒரு மூலையில், அவன் நடமாட ஆசைப்படுகிறான், ஒயர் காலில் சிக்குகிறது, டிரான்ஸ்மிட்டர் வாங்கித் தாருங்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான். இளைஞர் பையிலிருந்த ஒன்றைச் சொருகிக் காட்டினார். பையன் ஒரு சுரத்தை அழுத்தினான், சுரம் பிறகு வந்தது. வேகமாக வாசித்தபோது விரல் ஒன்றிலும் காது இன்னொன்றிலும் இருந்தது, நான்காவது சுரத்தில் நிறுத்திவிட்டான். நல்ல பெட்டியாகப் போட்டாலும் 40 மில்லி செகண்ட் உண்டு, விரலுக்கு அதுவே அதிகம். மேடைக் கலைஞர்கள் வைத்துக்கொள்ளும் கம்பியில்லாக் கருவிகள் புளூடூத் இல்லை, வேறு முறை, விலையும் வேறு.

“இதுக்கு இது ஆகாது சார்,” என்றார் அப்பாவிடம். “ஆறு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போதும்.”

பெட்டியை விற்றிருந்தால் அவருக்கு லாபம். டேப்பை எடுத்துக் கீபோர்டிலிருந்து சுவர் ஓரமாக அளந்தார், கதவு இடுக்கில் நசுங்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று பார்த்தார். அப்பா ஆறு மீட்டரா எட்டு மீட்டரா என்று கேட்டார். எட்டு வாங்குங்கள், கொக்கி போட்டுச் சுவரில் அடித்துத் தருகிறேன், நாளைக்கு ஞாயிறு, ரிச்சி தெரு கிடையாது, திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.